மீஞ்சூர்ப் பக்கத்துக் கழனியும் 300 மிமீ லென்சும்: ஜூம் போட்டு எடுத்தது கிராமமா?

தேரடிக்காரன்:
போன ஞாயிறு திருவொற்றியூரில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்து அனுப்பம்பட்டில் இறங்கினேன். தண்டவாளத்துக்கு மேற்கே கொஞ்ச தூரம் நடந்ததும் கழனி வந்துவிட்டது. இணைத்திருக்கும் படம் அங்கே எடுத்ததுதான்: நடவு முடிந்த கழனி, வரப்பில் ஒற்றைக் கொக்கு, பின்னால் நாலு பனைமரம், அதற்கு மேல் லேசாகப் பனி. 70-300 ஜூம் லென்சில் 300-க்கு இழுத்து எடுத்தது (எண் கூடக்கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகும், படத்தில் விழும் அகலம் குறையும்). கேமரா செட்டிங் எஃப் 5.6, 1/640, ஐஎஸ்ஓ 400; நேரம் காலை 6.50. கிராமம் எடுக்க ஊட்டிக்கும் தஞ்சாவூருக்கும் போக வேண்டும் என்று நம் ஏரியா பசங்க நினைக்கிறார்கள். ரயில் டிக்கெட்டும் ஒரு ஜூம் லென்சும் போதும்.

பழைய வண்ணை 21:
படம் நன்றாக இருக்கிறது, காலண்டரில் போடலாம். ஆனால் நீங்கள் இறங்கிய நிலையத்தில் நானும் இறங்கியிருக்கிறேன். தென்கிழக்கே திரும்பினால் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களின் சிமினிகள். அதற்கும் அப்பால் காட்டுப்பள்ளி: துறைமுகம், 2010-இல் வந்த கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. சாலை முழுக்க கன்டெய்னர் லாரி. இதெல்லாம் படத்தில் எங்கே? கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடியுங்கள், 300 மிமீ லென்ஸ் பார்ப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த மூன்று விரல் அகலத்தைக் காட்டி "இதுதான் கிராமம்" என்றால் எப்படி? நாங்கள் இந்தப் பக்கம் பிறந்து வளர்ந்தவர்கள், எங்களிடமே கதை விடாதீர்கள்.

தேரடிக்காரன்:
அண்ணே, நானும் பாம்பேயிலிருந்து வந்தவன் இல்லை. வீட்டு மாடியில் காயப்போட்ட துணியில் கரி படிவதைப் பார்த்து வளர்ந்தவன்தான். ஒன்றை யோசியுங்கள். காலை ஏழு மணிக்குச் சூரியன் கிழக்கே. வெயிலை முதுகில் வாங்கி நின்றால்தான் நாற்றின் பச்சை பச்சையாக விழும். அப்படி நின்றால் பார்ப்பது மேற்கை. நீங்கள் சொல்லும் சிமினி எல்லாம் என் முதுகுக்குப் பின்னால். நான் எதையும் வெட்டவில்லை.

பழைய வண்ணை 21:
சரி, அப்போ சாயங்காலம் போங்கள். சூரியன் மேற்கே இறங்கும், முகம் கிழக்கே திரும்பும், சிமினி மேல் மஞ்சள் வெயில் விழும். கேமராக்காரர்கள் எல்லோருக்கும் காலை நேரம்தான் பிடிக்கிறது என்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். எண்ணூர் முகத்துவாரத்தில் நான் எடுத்ததைப் போடுகிறேன், பாருங்கள். வீச்சுவலை எறிகிற மீனவர், அவர் தலைக்கு மேலே நேராகச் சிமினி, ஆளைவிட ஐந்து மடங்கு உயரத்தில். நிஜம் என்றால் இதுதான்.

சாமான் பெட்டி:
ஒரு நிமிஷம். பழைய வண்ணை அண்ணே, உங்கள் படத்தை என்ன லென்சில் எடுத்தீர்கள்?

பழைய வண்ணை 21:
55-250. அதில் 200 வைத்திருந்தேன் என்று நினைவு. ஏன்?

சாமான் பெட்டி:
அப்போ நீங்களும் ஜூம் கோஷ்டிதான்.

கிண்டல் இல்லை, விஷயம் இருக்கிறது. வலை வீசுகிறவரிடமிருந்து 10 மீட்டரில் நின்றால் அவர் பெரிதாகத் தெரிவார். பின்வாங்கி 100 மீட்டருக்குப் போனால் அவர் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்துவிடுவார். சிமினி இருப்பதோ மூன்று கிலோமீட்டர் தள்ளி. நீங்கள் 90 மீட்டர் பின்வாங்கியது அதற்கு ஒரு பொருட்டே இல்லை, அதே உயரத்தில் நிற்கும். இப்போது 200-க்கு இழுத்தால் இரண்டும் சேர்ந்து பெரிதாகும். ஆள் பழைய அளவுக்கு வருவார், சிமினி பூதமாகிவிடும். நீள லென்ஸ் தூரத்தை நசுக்கிக் காட்டும் என்பார்கள்; லென்ஸ் ஒன்றும் நசுக்கவில்லை, எல்லாம் நீங்கள் நின்ற தூரம் செய்த வேலை. சந்தேகம் இருந்தால் முக்காலியில் கேமராவை வைத்து அசையாமல் 55-இல் ஒன்று, 250-இல் ஒன்று எடுங்கள். 55 படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். தெளிவு குறையும், அமைப்பு அச்சு அசலாக ஒன்றுதான்.

ஆக, தேரடி தம்பி ஜூம் போட்டுச் சிமினியை இல்லாமல் ஆக்கினார். நீங்கள் அதே ஜூமைப் போட்டு மீனவர் தலையில் ஏற்றினீர்கள்.

பழைய வண்ணை 21:
கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் ஒன்றாகாது. அந்த மீனவரிடம் கேட்டால், அவர் மனசில் அந்தச் சிமினி எவ்வளவு பெரிது என்று சொல்வார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகம் முழுக்கப் படிந்தபோது படகெல்லாம் தார் பூசியதுபோல் கிடந்தது. அதற்குப் பிறகு அங்கே பனையும் கொக்கும் மட்டும் எடுக்க எனக்குக் கை வராது. அவ்வளவுதான்.

கொருக்குப்பேட்டை அக்கா:
நீங்கள் இரண்டு பேரும் சிமினியை விட்டு இறங்க மாட்டீர்கள் போலிருக்கிறது. எனக்கு வேறு கோபம். என் சித்தி எண்ணூர் பக்கம் ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் துழாவி இறால் பிடிப்பவர். பாலத்தின் மேலிருந்து நீள லென்சோடு எவனோ எடுத்திருக்கிறான். ஈரப் புடவையோடு சித்தியின் படம் எங்கெங்கேயோ சுற்றி, கடைசியில் அவர் மகன் போனுக்கே வந்தது. ஒரு மாசம் சித்தி அந்தப் பாலத்துப் பக்கம் வேலைக்குப் போகவில்லை. கிட்ட வந்தால் பேர் கேட்கணும், சம்மதம் கேட்கணும். அந்த அவஸ்தை வேண்டாம் என்றுதானே ஜூம்? கொக்கை எவ்வளவு தூரத்திலிருந்து வேண்டுமானாலும் எடுங்கள். அது சண்டைக்கு வராது.

தேரடிக்காரன்:
அக்கா, இதற்கு எதிர்வாதமே இல்லை. மனுஷர் என்றால் முதலில் போய்ப் பேசிவிட்டு, அப்புறம்தான் கேமரா. என்னிடம் அப்படிக் கேட்காமல் எடுத்தது இரண்டு மூன்று கிடக்கிறது, இன்று அழித்துவிடுகிறேன்.

ஆனால் கொக்குக்கு ஜூம் இல்லாமல் முடியாது. நூறடிக்குள் போனால் பறந்துவிடும். பழவேற்காட்டில் பூநாரை இன்னும் மோசம், படகுச் சத்தம் கேட்டாலே கூட்டமாக நகர்ந்துவிடும். நடந்து கிட்டே போய் எடு என்பவர்கள் சேற்றில் ஒரு தரம் இறங்கிப் பார்க்கட்டும்.

சாமான் பெட்டி:
பழவேற்காடு போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர்ப் பரப்பில் கானல் ஆட ஆரம்பிக்கும். எவ்வளவு விலை லென்சாக இருந்தாலும் பறவையின் கால் புழு மாதிரி நெளியும். ஃபோகஸ் போச்சு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், தப்பு காற்றில் இருக்கிறது. அந்த நேரத்தில் 83 மடங்கு, 125 மடங்கு என்று இழுக்கும் கேமரா கொண்டு போனாலும் கானலைத்தான் பெரிதாக்கிக் காட்டும். இன்னொன்று, ஜூமை வெளியே இழுக்கும்போது லென்ஸ் காற்றை உள்ளே இழுக்கும், தூசியும் கூடவே போகும். அத்திப்பட்டுச் சாலையில் லாரி போகும்போது சாம்பல் பறக்குமே, அங்கே நின்று இழுத்து இழுத்து விளையாடாதீர்கள். என்னுடையது ஒன்று உள்ளே பூசணம் பூத்து வீட்டில் பேப்பர் வெயிட்டாக இருக்கிறது. அது கடற்காற்றின் ஈரம், சாம்பல் இல்லை, ஆனாலும் வயிற்றெரிச்சல் ஒன்றுதான்.

கழனிவாசல்:
வணக்கம். நான் போட்டோக்காரன் இல்லை, பையன் இந்தப் பக்கத்தைக் காட்டினான். எனக்கு அனுப்பம்பட்டுப் பக்கம் கழனி இருக்கு. சிமினி தெரியணுமா வேணாமா என்பது உங்க பாடு. எங்களுக்கு அது தினமும் தெரியுது, தனியா போட்டோ வேணாம். கிணத்துத் தண்ணியில உப்பு ஏறினதைத்தான் எந்த லென்சும் காட்ட மாட்டேங்குது.

நான் கேட்க வந்தது வேற. கொக்கு நிக்குதே வரப்பு, அதுக்கு இடது பக்கம் ஒரு சாண் அளவுக்கு மண் கரைஞ்சு தண்ணி வழியுற மாதிரி இருக்கு. படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன், உடைப்புதான். இது யார் கழனி, எந்த இடம்னு தெரியலை. அந்த நாலு பனை எங்க ஊரைச் சுத்தி பத்து இடத்துல இருக்கு. தம்பி, தள்ளி எடுத்தது ஏதாவது இருக்கா?

தேரடிக்காரன்:
இருக்கிறது ஐயா. அதே இடத்தில் 70-இல் ஒன்று எடுத்தேன், போடவில்லை. இதோ இணைத்திருக்கிறேன்.

பழைய வண்ணை 21:
ஓ. உயர்மின் கோபுரம். அதுவும் கொக்குக்கு நேர் மேலே, கம்பி படத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போகிறது. மேற்கே பார்த்து எடுத்ததில் ஒன்றும் வெட்டவில்லை என்றீர்களே தம்பி?

தேரடிக்காரன்:
சிமினியை வெட்டவில்லை என்றுதான் சொன்னேன் அண்ணே.

கழனிவாசல்:
டவருக்கு வடக்கே மோட்டார் கொட்டகை, அதுக்கு அடுத்து மூணாவது கழனி. அப்போ அது எங்க பெரியப்பா மகன் கழனி. அவன் பொன்னேரியில இருக்கான், ஞாயித்துக்கிழமையிலிருந்து தண்ணி வழிஞ்சு போயிருக்கும். போன் பண்ணிட்டு வர்றேன்.