வீட்டு வாலையில் தூணின் உச்சி வெப்பநிலை நிலைகொள்ள மறுக்கிறது: எங்கே பிழை?

வைக்காட்டோ வாசி கேட்டது

அனைவருக்கும் வணக்கம். நான் நியூசிலாந்தின் வைக்காட்டோ வட்டாரத்தில், ஹாமில்டன் நகருக்கு வெளியே ஒரு சிறு பண்ணை வீட்டில் குடியிருக்கிறேன். சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டில் சாராயம் வடிப்பதை இந்நாட்டுச் சட்டம் 1996 முதல் அனுமதிக்கிறது. விற்பதற்குத்தான் உரிமம் வேண்டும். ஆகவே, நான் கேட்பதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை.

எங்கள் ஊர்ச் சித்த வைத்தியர் ஓமத் தீநீர் இறக்கிய மண் வாலையை (ஆவியாக்கிக் குளிர்வித்து வடிக்கும் கருவியை) சிறுவயதில் பார்த்த நினைவிலோ என்னவோ, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானே ஒன்று செய்துகொண்டேன். 25 லிட்டர் துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம், அதனுள் 2,000 வாட் சூடேற்றும் சுருள், மூடியிலிருந்து வளைந்து இறங்கும் செம்புக் குழாய், அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும் உறை, இவ்வளவுதான். 20 லிட்டர் தண்ணீரில் 5 கிலோ சர்க்கரை போட்டுப் புளிக்க வைத்த ஊறலை அதில் வடித்தால் 55, 60 விழுக்காட்டில் வரத் தொடங்கும். போகப் போக இறங்கிவிடும்.

இதைவிடத் தூய்மையாக எடுக்க வேண்டும் என்ற ஆசையில், சென்ற மாதம் மூடியின்மேல் 50 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள செம்புத் தூண் ஒன்றை நிறுத்தி, அதனுள் செம்பு வலையைச் சுருட்டித் திணித்திருக்கிறேன். தூணின் மேற்பகுதியில் குறுக்காக இரண்டு மெல்லிய குழாய்கள் ஊடுருவிச் செல்கின்றன. வடிகுழாயின் உறையைக் குளிர்வித்துவிட்டு வரும் அதே தண்ணீர்தான் அவற்றின் வழியாகவும் ஓடி, ஆவியில் ஒரு பகுதியைக் குளிர்வித்துத் தூணுக்குள்ளேயே திரும்ப விழச் செய்கிறது.

சிக்கல் இதுதான். உச்சியில் உள்ள வெப்பமானி 78 டிகிரியில் சிறிது நேரம் நிற்கிறது. பிறகு 81, 82 வரை ஏறுகிறது. பிறகு தானாகவே இறங்குகிறது. ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு முறை இதே கூத்து. ஏறும் நேரத்தில் வடி வேகமாகக் கொட்டுகிறது, இறங்கும் நேரத்தில் சொட்டுகிறது. ஜாடியில் சேர்ந்ததை ஹைட்ரோமீட்டரால் (சாராய விழுக்காட்டைக் காட்டும் மிதவைக் கருவியால்) உடனே அளந்தால் 85 காட்டுகிறது. 90-ஐத் தாண்டவே இல்லை.

எனக்குத் தோன்றும் வழிகள் இரண்டு. தூணின் உச்சிக்கும் வடிகுழாய்க்கும் இடையில் ஒரு வால்வு பொருத்தி ஆவியை மட்டுப்படுத்தலாம். அல்லது மின்சுருளை விட்டுவிட்டு, இன்னும் வலுவான எரிவாயு அடுப்புக்கு மாறலாம். வீட்டில் கூரைத் தண்ணீர்த் தொட்டிதான் (கூரையில் விழும் மழைநீரைச் சேர்ப்பது) என்பதால் தண்ணீரையும் வீணாக்க முடியாது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செம்புத்தூண் எழுதியது

ஐயா, நீங்கள் நினைத்திருக்கும் இரண்டு மாற்றங்களையும் முதலில் கைவிடுங்கள். பாத்திரத்திலிருந்து வெளிக்காற்று வரை ஆவி செல்லும் பாதையில் அடைக்கக்கூடியது எதுவும் இருக்கலாகாது. உங்கள் கருவியில் வடிகுழாயின் வாய் ஒன்றுதான் வெளிவழி. அதற்கு முன்னால் ஒரு வால்வை வைத்து, ஏதோ ஒரு ஞாபகத்தில் அதை முழுவதும் திருகிவிட்டால், எஃகுப் பாத்திரம் பாதுகாப்பு வால்வு இல்லாத பிரஷர் குக்கராகிவிடும். இரண்டாவதும் அதே அளவுக்கு ஆபத்தானது. சாராய ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும், காற்றில் சுமார் 3 விழுக்காடு கலந்தாலே தீப்பிடிக்கும். மூட்டில் சிறு கசிவு இருந்தாலும் கீழே எரிகிற அடுப்பு அதைத் தேடிப் பிடித்துவிடும். உங்களுக்கு வலுவும் போதாமல் இல்லை.

அந்தக் கடைசி வாக்கியத்துக்குக் கணக்கு சொல்கிறேன். ஒரு கிலோ எத்தனாலை ஆவியாக்க ஏறத்தாழ 846 கிலோஜூல் வேண்டும். 2,000 வாட் சுருளின் வெப்பம் முழுவதும் தூணின் உச்சியை ஆவியாகச் சென்றடைவதாக வைத்துக்கொண்டால், மணிக்குச் சுமார் பத்து லிட்டர் திரவத்துக்கு ஈடான ஆவி அங்கே வந்து சேருகிறது. அதிலிருந்து நீங்கள் ஒரு லிட்டரை மட்டும் வெளியே எடுத்து, மீதி ஒன்பதையும் தூணுக்குள் திரும்ப விழவைத்தால்தான், இறங்கும் திரவமும் ஏறும் ஆவியும் செம்பு வலையின் பரப்பில் மீண்டும் மீண்டும் சந்தித்து, ஒவ்வொரு சந்திப்பிலும் தண்ணீர் கீழேயும் சாராயம் மேலேயுமாகப் பிரியும். நீங்கள் மூன்று லிட்டர் எடுத்தால் திரும்ப விழுவது குறைந்து, தூய்மையும் இறங்கிவிடும். எப்படி எடுத்தாலும் கன அளவில் 97 விழுக்காட்டுக்கு மேல் வடித்துப் பெற முடியாது. அந்த விகிதத்தில் ஆவியும் திரவமும் ஒரே கலவையாகிவிடும்.

இனி அந்த ஏழெட்டு நிமிடக் கூத்துக்கு வருகிறேன். செம்பு வலையை அளவுக்கு மீறித் திணித்தால் திரவம் இறங்க வழியில்லாமல் தூணில் தேங்கி, களகளவென்ற ஒலியுடன் திடீரென்று மேலே தள்ளும். அப்படி நேர்ந்தால் அதற்கு ஒழுங்கான கால இடைவெளி இருக்காது. உங்களுடையது கடிகாரம் போல வருகிறது என்கிறீர்கள். போகிற போக்கில் நீங்கள் எழுதிய கூரைத் தண்ணீர்த் தொட்டி என்ற சொல்லில்தான் என் சந்தேகம் விழுகிறது. தொட்டித் தண்ணீர் என்றால் அழுத்த பம்ப் இருக்கும். அது குறிப்பிட்ட அழுத்தத்துக்கு இறங்கியதும் ஓடத் தொடங்கி, மேல் அளவைத் தொட்டதும் நின்றுவிடும். நீங்கள் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போல எடுத்துக்கொண்டே இருந்தால் பம்ப் சில நிமிடங்களுக்கு ஒரு முறை நின்று நின்று ஓடும். அதற்கேற்பக் குழாயில் வரும் தண்ணீரின் அளவு கூடிக் குறையும். குறுக்குக் குழாய்கள் திருப்பி அனுப்பும் திரவமும் கூடிக் குறையும். அடுத்த முறை வடிக்கும்போது ஒரு தாளில் இரண்டு பத்திகள் போட்டு, வெப்பமானி ஏறும் நேரத்தையும் பம்ப் ஓடும் நேரத்தையும் எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று. ஹைட்ரோமீட்டர் 20 டிகிரிக்கு அளவிடப்பட்ட கருவி. வெதுவெதுப்பாக, 35 டிகிரியில் அளந்தால் மூன்று நான்கு புள்ளிகள் கூட்டித்தான் காட்டும். உங்கள் 85 உண்மையில் 81 ஆக இருக்கலாம், வருத்தப்பட வேண்டாம்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் எழுதியது

மேலே சொன்னவர் தண்ணீரைக் கவனித்தார். நான் பாத்திரத்தைக் கவனிக்கிறேன். மூடிக்கும் தூணுக்கும் இடையே எதைக் கொண்டு அடைத்திருக்கிறீர்கள்? சாதாரண ரப்பர் வளையமாக இருந்தால் சூடான சாராய ஆவி அதைக் கரைத்து, அந்த வாசனையை வடியில் கொண்டு சேர்க்கும். டெஃப்லான் நாடா உகந்தது. ஒன்றும் கிடைக்காத நாளில் மைதா மாவைக் கெட்டியாகப் பிசைந்து மூட்டைச் சுற்றிப் பூசினால் சூட்டில் இறுகிக்கொள்ளும். வாலைக்குச் சீலைமண் (மண் பூசிய துணியால் மூட்டை அடைப்பது) செய்த நம் வைத்தியர்களுக்கு இது புதிதன்று. மாவு அடைப்பில் இன்னொரு நன்மையும் உண்டு: உள்ளே அழுத்தம் ஏறினால் வெடிப்பதற்கு முன் அது விட்டுக்கொடுத்துவிடும். செம்புக் குழாய்களைப் பற்றவைக்க ஈயம் கலவாத பற்றுக் கம்பி மட்டுமே உதவும். துத்தநாகம் பூசிய இரும்பு எங்கும் கூடாது.

செம்பு வலை சில தடவைக்குப் பிறகு கறுத்துப்போகும். ஊறலில் ஈஸ்ட் உண்டாக்கும் கந்தகச் சேர்மங்களைச் செம்பு பிடித்துவைத்துக்கொள்வதன் அடையாளம் அது. முழுவதும் எஃகினால் செய்த கருவியில் வடித்ததற்கு அழுகிய முட்டையின் சாயல் அடிப்பதும் இதனால்தான். எலுமிச்சை உப்புக் கரைசலில் ஊறவைத்துக் கழுவினால் பழைய நிறம் வந்துவிடும்.

புதிய வாசகர் கேட்டது

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். முதலில் வருவதில் மெத்தனால் இருக்கும், அதைக் கொட்டிவிட்டால் ஆபத்து இல்லை என்கிறார்களே, அது சரியா? அப்படியானால் கடையில் விற்கும் மெத்திலேற்றிய ஸ்பிரிட்டையே இப்படி வடித்துச் சுத்தப்படுத்திவிடலாமா?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் எழுதியது

தம்பி, முதல் கேள்விக்குப் பாதி விடை ஆம். இரண்டாவதற்கு முடியவே முடியாது. எக்காரணம் கொண்டும் முயலாதீர்கள்.

மெத்தனால் 64.7 டிகிரியிலும் எத்தனால் 78.4 டிகிரியிலும் கொதிக்கும் என்று பாடநூலில் படித்ததை வைத்துக்கொண்டு, ஒன்று முழுவதும் போன பிறகு மற்றது வரும் என்று பலர் எண்ணுகிறார்கள். கலவையில் அப்படி நடப்பதில்லை. தண்ணீர் மிகுந்த ஊறலில் மெத்தனால் முதலிலிருந்து கடைசி வரை கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருக்கும். சர்க்கரை ஊறலில் அது ஏறக்குறைய இல்லை என்பதுதான் உண்மையான பாதுகாப்பு; பழத்தோலில் உள்ள பெக்டினிலிருந்துதான் அது பெரும்பாலும் உண்டாகிறது. முதலில் வரும் நூறு இருநூறு மில்லிலிட்டரைக் கொட்டச் சொல்வது, நகப்பூச்சு நீக்கியைப் போல மணக்கும் எத்தில் அசிட்டேட்டும் தொண்டையை அறுக்கும் அசிட்டால்டிஹைடும் அங்கே திரள்வதால். கொட்டத்தான் வேண்டும், ஆனால், அது மெத்தனாலுக்கான பரிகாரம் அன்று.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டது வடிக்கும்போது முதல் வடியைக் கொட்டாததால் அல்ல. அவர்கள் குடித்ததில் மெத்தனால் கலக்கப்பட்டிருந்தது. அது கலந்த ஸ்பிரிட்டை எந்த வீட்டு வாலையாலும் குடிக்கத்தக்கதாக்க இயலாது. குடித்தவருக்குப் பார்வை மங்கினால் ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம். இலங்கையில் கசிப்பு (கள்ளச்சாராயம்) என்று பிடிப்பார்கள். பக்கத்திலுள்ள ஆஸ்திரேலியாவில்கூட உரிமமின்றிச் சாராயம் வடிக்க இயலாது. வைக்காட்டோ நண்பருக்குப் பொருந்துவது உங்களுக்கும் பொருந்தும் என்று கொள்ள வேண்டாம்.

வைக்காட்டோ வாசி எழுதியது

செம்புத்தூண் ஐயாவுக்கு என் நன்றி. சனிக்கிழமை தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். பம்ப் 10:42-க்கு ஓடியது, 10:49-க்கு, 10:57-க்கு. ஒவ்வொரு முறையும் அது ஓடுவதற்குச் சற்று முன்புதான் வெப்பமானி உச்சத்தில் இருந்தது. போதாக்குறைக்கு, 11 மணிக்கு என் மனைவி துணி துவைக்கும் இயந்திரத்தைப் போட்டதும் 84-க்குப் போய்விட்டது. மூட்டில் இருந்ததும் கறுப்பு ரப்பர் வளையம்தான், அதை எறிந்துவிட்டேன்.

200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் தண்ணீரை நிரப்பி, மீன் குளத்துக்குப் போடும் சிறு பம்பால் சுற்றவிடலாம் என்று நினைக்கிறேன். போதுமா?

செம்புத்தூண் எழுதியது

போதாது. 2,000 வாட் வெப்பம் நான்கு மணி நேரம் அந்த 200 லிட்டரில் இறங்கினால் தண்ணீர் சுமார் 34 டிகிரி ஏறும். 15-இல் தொடங்கினால் முடியும்போது 50-ஐ நெருங்கிவிடும். உங்கள் குறுக்குக் குழாய்களின் வேலையே தண்ணீரின் குளிர்ச்சியைச் சார்ந்தது என்பதால், நேரம் ஆக ஆகத் திரும்பி விழுவது குறைந்துகொண்டே போகும். பண்ணைகளில் கிடைக்கும் 1,000 லிட்டர் சதுரத் தொட்டியாக இருந்தால் ஏற்றம் ஏழு டிகிரிக்குள் அடங்கும், தண்ணீரும் வீணாகாது.

ஆனால் நானாக இருந்தால் தூணின் தலையை, அதாவது உச்சிப் பகுதியை, மாற்றிவிடுவேன். குறுக்குக் குழாய்களை நீக்கிவிட்டு, தூணின் உச்சிக்குள் சுருள் குளிர்விப்பான் ஒன்றைத் தொங்கவிட்டு, வந்த ஆவி முழுவதையும் அங்கேயே திரவமாக்குங்கள். அதன் கீழே சாய்வாகப் பற்றவைத்த ஒரு தகடு, விழும் திரவத்தை ஒரு சிறு கிண்ணம் போலத் தேக்கும். அந்தத் தேக்கத்திலிருந்து ஓர் ஊசி வால்வு வழியாக வேண்டிய அளவை எடுத்துக்கொண்டால், மீதி தானாக வழிந்து தூணுக்குள் போகும். சுருளுக்கு மேலே தூணின் வாய் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். இங்கே வால்வு திரவத்தின் பாதையில் இருக்கிறது. முழுவதும் அடைத்தாலும் எல்லாம் திரும்பி விழுமே தவிர அழுத்தம் ஏறாது. தண்ணீர் தேவைக்கு மேல் ஓடினாலும் விகிதம் மாறாது. குறைந்தால்தான் ஆபத்து, திறந்த வாய் வழியே ஆவி அறைக்குள் வந்துவிடும். ஆகவே, தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்காமல் சூடேற்றும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். வடியும்போது பக்கத்தில் ஆள் இல்லாமல் ஒரு நிமிடமும் இருக்கக் கூடாது.

புதிய தலையோடு முதல் முறை வெறும் தண்ணீரையும் வினிகரையும் கொதிக்கவிட்டு, மூட்டுகளில் ஆவி கசிகிறதா என்று பாருங்கள். முன்பு வடித்ததைச் சேர்த்து மறுபடி வடிப்பதானால் 40 விழுக்காட்டுக்குக் கீழே நீர்த்துக்கொண்டு ஊற்றுங்கள். சூடேற்றும் சுருள் கடைசி வரை திரவத்தில் மூழ்கியிருக்க வேண்டும். 78 என்ற எண்ணையே பிடித்துக்கொண்டு தொங்கவும் வேண்டாம். காற்றழுத்தம் 38 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கொதிநிலையும் ஒரு டிகிரி குறையும். அசையாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

வைக்காட்டோ வாசி எழுதியது

மூன்று வாரம் ஆயிற்று. தலையை மாற்றி, பக்கத்துப் பண்ணையில் பழைய சதுரத் தொட்டி ஒன்றை வாங்கி வைத்தேன். நேற்று வால்வை மூடி அரை மணி நேரம் எல்லாவற்றையும் திரும்பி விழவிட்டு, பிறகு மணிக்கு ஒரு லிட்டருக்கும் குறைவாக எடுத்தேன். வெப்பமானி 77.9-இல் இரண்டரை மணி நேரம் நின்றது. இடையில் துணி துவைக்கும் இயந்திரமும் ஓடியது. ஜாடியை ஆறவைத்து 20 டிகிரியில் அளந்தபோது 93 காட்டியது. செம்பு வலையின் அடிப்பகுதி மட்டும் ஆசிரியர் ஐயா சொன்னது போலக் கறுத்திருக்கிறது. அதை இப்போது எலுமிச்சை உப்பில் போட்டிருக்கிறேன்.