பவர் பேங்கில் ஓடும் சால்டரிங் அயர்ன்: உங்கள் அனுபவம் என்ன?

வேளச்சேரியிலிருந்து:

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் நேரம். எங்கள் தெருவில் கரண்ட் போய் இரண்டாம் நாள் ராத்திரி, எமர்ஜென்சி லைட்டும் அணைந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால், பேட்டரியிலிருந்து வரும் கறுப்பு ஒயர் போர்டை விட்டுக் கழன்று கிடந்தது. ஒரு பொட்டு ஈயம் வைத்தால் போதும், ஆனால் ஈயத்தை உருக்கி ஒட்ட வீட்டிலிருந்த 25 வாட் சால்டரிங் அயர்னுக்குக் கரண்ட் வேண்டுமே!

ரிச்சி தெருவில் எப்போதோ வாங்கிப் போட்ட 5 வோல்ட், 8 வாட் யூஎஸ்பி அயர்ன் ஞாபகம் வந்தது. பவர் பேங்கில் செருகினேன். அம்மா மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். முனையில் ஈயம் உருகியது. போர்டில் பட்டதும் குண்டுமணி மாதிரி உருண்டு நின்றுவிட்டது, ஒட்டவே இல்லை. கறுப்பு ஒயர் உட்காருகிற இடம் கிரவுண்டு, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் பக்கம். அங்கே இருக்கும் அகலமான செம்புப் பரப்பு சூட்டையெல்லாம் குடித்துவிடும். விடாமல் அழுத்தியதில் பேட் (ஒயர் ஒட்டவேண்டிய செம்புத் திட்டு) பெயர்ந்து முனையோடு வந்துவிட்டது. அன்றைக்கு வந்த வருத்தம் கொஞ்சமில்லை.

63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம்) உருக 183 டிகிரி செல்சியஸ் போதும். முனையில் அதைவிட நிறையவே சூடு இருந்திருக்கும். ஆனால் போர்டு உறிஞ்சும் சூட்டை உடனுக்குடன் ஈடுகட்ட 8 வாட்டால் முடியாது.

அப்புறம் டைப்-சி கேபிளில் ஓடும் பைன்சில் என்ற அயர்னை வாங்கினேன். 20 வோல்ட் கொடுத்தால் 60 வாட் வரை இழுக்கும், அருமையான சாமான். ஆனால் அப்போது என்னிடமிருந்த பவர் பேங்க் 12 வோல்ட்டுக்கு மேல் தராது. ஹீட்டரின் தடை மாறாததால், 20 வோல்ட்டில் கிடைக்கிற வாட்டில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான் 12 வோல்ட்டில் கிடைத்தது. அதனால் அயர்ன் பார்க்கும் முன்பே, பவர் பேங்க் முதுகில் பொடி எழுத்தில் 20 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பெரம்பூரிலிருந்து:

சார் சொன்னது சரி. கேபிளையும் பாருங்கள். சாதாரண கேபிள் விறைப்பாக இருக்கும், கை திரும்பும்போதெல்லாம் அயர்னை இழுக்கும். ஒருமுறை சூடான முனை பட்டு என் கேபிள் உருகி, உள்ளே கம்பி தெரிந்தது. சிலிக்கோன் ரப்பர் உறை போட்டதை வாங்கினேன். துணி மாதிரி துவளும், முனை பட்டாலும் தாங்கும்.

இன்னொன்று. இரண்டு பின் சார்ஜரில் போட்டால் முனையில் லேசாகக் கரண்ட் கசிவு இருக்கும், கை பட்டால் சுள்ளென்று தெரியும். மாஸ்ஃபெட் (இப்படிப்பட்ட கசிவில் கெட்டுப்போகக்கூடிய டிரான்சிஸ்டர் வகை) உள்ள போர்டு என்றால் நான் பவர் பேங்க்தான். சுவரோடு தொடர்பே கிடையாது.

வேளச்சேரியிலிருந்து:

நன்றி அண்ணா. கேபிளை மாற்றிவிடுகிறேன். அந்த லைட்டைப் போன வாரம்தான் மறுபடி எடுத்தேன். பேட் போன இடத்துக்குப் பக்கத்தில் பச்சைப் பூச்சைச் சுரண்டி, செம்பு பளிச்சென்று தெரிந்ததும் ஃப்ளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) தடவி, 20 வோல்ட் பவர் பேங்கில் அயர்னைப் போட்டேன். இரண்டே நொடியில் ஈயம் தண்ணீர் மாதிரி பரவி ஒயரைப் பிடித்துக்கொண்டது. இப்போது சாமி அலமாரிக்குப் பக்கத்தில் எரிகிறது.