பென்டா முதல் ஊசியோடு நின்றுவிடும் குழந்தைகள்: வீட்டாரிடம் எப்படிப் பேசுவது?

கிழக்குக்காடு:
எங்கள் துணை சுகாதார நிலைய எல்லையில் பென்டாவின் (ஐந்து நோய்களைத் தடுக்கும் ஒரே ஊசி) முதல் தவணைக்கு, குழந்தை பிறந்த 6-வது வாரம், எல்லோரும் வருகிறார்கள். 10-வது வாரம் இரண்டாவது தவணைக்குக் கூப்பிட்டால் சில வீடுகளில் “போன தடவை ராத்திரி முழுக்க அழுதுச்சு, அடுத்த மாசம் பார்க்கலாம்” என்கிறார்கள். “காசு கட்டினா காய்ச்சல் வராத ஊசி இருக்காமே, எங்களுக்கு மட்டும் ஏன் இது?” என்றும் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? பதிவேட்டில் ‘மறுப்பு’ என்று எழுதலாமா?

மருதம் செவிலி:
‘மறுப்பு’ என்று எழுதாதீங்க. அது பயம்.

“ஒண்ணும் ஆகாதும்மா” என்று சொல்லி ஊசி போடுவதுதான் இதற்கு வித்து. பென்டாவில் கக்குவான் இருமலுக்கான பகுதியால் அன்று சாயங்காலமே காய்ச்சல் வரலாம், ஒன்றிரண்டு நாள் இருக்கும். இதை ஊசிக்கு முன்பே, மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

பாராசிட்டமால் அளவு கிலோவுக்கு 10–15 மி.கி. 5 கிலோ குழந்தைக்கு 50–75 மி.கி. 5 மில்லியில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 2–3 மில்லி. மில்லிக்கு 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் அரை முதல் முக்கால் மில்லிதான். இந்தச் சொட்டு மருந்து அந்த சிரப்பைவிட 4 மடங்கு வீரியம். சிரப் அளவில் கொடுத்தால் ஆபத்து. கையில் இருக்கும் பாட்டிலைப் பார்த்துதான் அளவு சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்தபின் கொடுத்தால் போதும், 6 மணி நேர இடைவெளி வேண்டும்.

ஊசி போட்ட தொடையில் வீங்கிக் கட்டியானால் ஈரத்துணி வைக்கலாம். தேய்க்கக் கூடாது, வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். 3 மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுதாலோ, துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ உடனே தூக்கி வரச் சொல்லுங்கள். அன்று இரவு 8 மணிக்கு நீங்களே ஒரு போன் செய்யுங்கள். அடுத்த தவணைக்கு அவர்களை வரவைப்பது அந்தப் போன்தான்.

வைகைக்கரை:
காசு ஊசி பற்றி: அதில் கக்குவான் கிருமியின் சில புரதங்கள் மட்டும் இருப்பதால் காய்ச்சல் குறைவு. அரசு ஊசியில் செயலிழக்கச் செய்த முழுக் கிருமி இருக்கிறது; காய்ச்சல் கொஞ்சம் கூடும், பாதுகாப்பு கூடுதல் காலம் நிற்கும். “ஏழைக்கு மட்ட ஊசி” என்ற எண்ணத்தை உடைக்க இதையே நேராகச் சொல்லுங்கள்.

பழைய பயத்தையும் மறக்கக் கூடாது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் 4 குழந்தைகள் இறந்தன. பிறகு ஊருக்குள் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். பஸ் வராத ஊருக்கு அது ஒரு நாள் கூலி. தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, தமிழகத்தில் எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் 2005–06-ல் சுமார் 81 சதவீதம், 2015–16-ல் 70, 2019–21-ல் 89. அந்தச் சரிவை மக்களின் அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 2017-ல் தட்டம்மை–ரூபெல்லா ஊசியின்போது வாட்ஸ்அப் வதந்தி பரவியதும் அந்தப் பயத்தின் மேல்தான்.

இன்னொன்று, தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவர்கள் மூணாம் மாசம், அஞ்சாம் மாசம் புருஷன் வீடு திரும்புவார்கள். 14-வது வாரம் போடும் மூன்றாவது ஊசி அங்கேதான் விடுபடும். எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டு, அந்த ஊர் நர்ஸுக்குச் சொல்லிவிடுங்கள்.

கிழக்குக்காடு:
நன்றி. ஒரு குழந்தைக்கு முதல் ஊசி போட்டு 5 மாதம் ஆகிவிட்டது. மறுபடி முதலிலிருந்தா?

மருதம் செவிலி:
வேண்டாம். விட்ட இடத்திலிருந்து இரண்டாவது போட்டு, 4 வாரம் கழித்து மூன்றாவது. லேசான சளி இருந்தாலும் போடலாம். அட்டையில் அடுத்த தேதியை எழுதும்போது கிழமையையும் எழுதுங்கள். பாட்டிகளுக்குத் தேதியைவிடக் கிழமைதான் நினைவில் நிற்கும்.