புதுப்பிப்பு: மொட்டை மாடி ஒழுகல், காரணம் கெடச்சிருச்சு

போன மாசம் இங்க பொலம்பியிருந்தேன்ல, வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி ரெண்டே மழையில ஹால் சீலிங் திரும்ப ஒழுகுது, காண்ட்ராக்டர் போனே எடுக்க மாட்டேங்குறாருன்னு, அது ஒருவழியா முடிஞ்சுது. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

கை குடுத்தது "தண்ணி கட்டிப் பாருங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான். மழைத்தண்ணி போற ஓட்டைய துணி வச்சு அடச்சு ரெண்டு இஞ்ச் தண்ணிய 48 மணி நேரம் நிறுத்தினோம், நடுவுல எங்கயும் ஒண்ணும் இல்ல, பைப் எறங்குற மூலைல மட்டும் கீழ ஈரம். கொத்தனார் அங்க கொத்திப் பார்த்தா பைப்புக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல விரல் போற அளவு கேப்பு, அதுக்கு மேல வெறும் கோட்டிங்க அடிச்சு மூடி வச்சிருக்காங்க! கிரவுட் (கேப்ப அடைக்கிற கலவை) போட்டு சுத்தி மெஷ் (வலைத்துணி) ஒட்டி கோட்டிங் அடிச்சு மறுபடி தண்ணி கட்டினோம், ஒரு சொட்டு இல்ல.

எதிர்பார்க்காதது என்னன்னா பழைய கோட்டிங் தோசை மாதிரி உரிஞ்சு வந்துச்சு, ஈரத் தளத்து மேலயே அடிச்சிருக்காங்க போல. வீடியோ வாட்ஸ்அப்ல அனுப்பினதும் மறுநாளே காண்ட்ராக்டர் வந்து நின்னாரு, "இந்த வருசம் மழை ஜாஸ்தி சார்"னு சால்ஜாப்பு வேற. பாக்கி 12,000 நான் குடுக்கல, அவரும் கேக்கல. கொத்தனாருக்கு 4,500 ஆச்சு. சீலிங் பெயிண்ட் இன்னும் அடிக்கல, நல்லா காயட்டும்.