நாகலூர் வீட்டுக் குழு: திதிக்கு ஒரு பெயர் வேண்டும்

செல்வி அத்தை: ஞாயிறு திதிக்கு ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்கிறார். அப்பாவின் தாத்தா பெயர் யாருக்காவது தெரியுமா?

ராஜவேல் பெரியப்பா: முத்து என்று தொடங்கும்.

தேன்மொழி அக்கா: நம் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் தொடங்குவார்கள்.

செல்வி அத்தை: அப்பா கணினியில் தட்டி வைத்திருந்தார். கவின் ஏற்காட்டில்தானே இருக்கிறான்?

கவின்: அந்தப் பழைய 486 கணினியை இப்போதுதான் போட்டேன். ஹார்டு டிஸ்க்கே இல்லை என்கிறது.

ராஜவேல் பெரியப்பா: மழையில் நனைந்திருக்கும். கூரைக்குப் பணம் தருகிறேன் என்றேனே.

செல்வி அத்தை: என்றீர்கள்.

இளங்கோ சித்தப்பா: டிஸ்க் கெட்டிருக்காது. போர்டில் உள்ள பேட்டரி தீர்ந்திருக்கும். சிலிண்டர், ஹெட், செக்டார் என்று டிஸ்க்குக்கு மூன்று எண்கள். பேட்டரியின் தயவில்தான் அவை நினைவில் நிற்கும். நாம்தான் மறுபடி சொல்லித்தர வேண்டும். டிஸ்க்கின் மேல் என்ன ஒட்டியிருக்கிறது?

கவின்: 1001, 15, 17. ஆனால் தாத்தாவின் காப்பிக் கணக்கு நோட்டில், கடைசிப் பக்கத்தில், சிவப்பு மையில் 900 - 15 - 17 என்று இருக்கிறது.

செல்வி அத்தை: 900 பெரியண்ணன் வாங்கியது.

ராஜவேல் பெரியப்பா: எந்த 900?

செல்வி அத்தை: 15ஆம் தேதி கொஞ்சம், 17ஆம் தேதி மிச்சம்.

மீனா சித்தி: கவின், வரும்போது மிளகு கால் கிலோ.

இளங்கோ சித்தப்பா: அக்கா, அது கடன் இல்லை, டிஸ்க்கின் கணக்கு. மூன்றையும் பெருக்கி, அதை 512ஆல் பெருக்கினால் பைட் வரும். ஒட்டியிருப்பதன்படி சுமார் 13 கோடி. அப்பா எழுதியபடி 11.75 கோடி. அந்தக் காலக் கணினியின் செட்டப்பில் இருக்கும் டிஸ்க் வகைப் பட்டியலில் ஒன்பதாம் டைப்பே 900-15-17தான். மாட்டிக் கொடுத்த ஆள் எண்களைத் தட்டச் சோம்பல்பட்டு அதை வைத்துவிட்டார். கடைசி 101 சிலிண்டர் இத்தனை வருடம் சும்மா கிடந்திருக்கிறது! ஹெட்டும் செக்டாரும் ஒன்றாக இருப்பதால் பிழைத்தோம். அவை மாறினால் கோப்புகளைத் தப்பான இடத்தில் போய்த் தேடும். கவின், ஒன்பதை வை. பழுது பார்க்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல். தப்பான அளவில் எழுதிவிட்டால் தாத்தா வந்தாலும் மீட்க முடியாது.

தேன்மொழி அக்கா: இலை 40ஆ, 50ஆ?

கவின்: வந்துவிட்டது! அப்பாவின் தாத்தா சின்னையன். முத்து அவருடைய தம்பி. பக்கத்தில் ‘கணக்கு’ என்று ஒரு கோப்பும் இருக்கிறது.

ராஜவேல் பெரியப்பா: பெயர் கிடைத்ததே, அணைத்துவிடு.

இளங்கோ சித்தப்பா: அணைக்காதே. மறுபடி மறந்துவிடும்.

செல்வி அத்தை: கணினியையே சேலத்துக்குக் கொண்டு வா.

ராஜவேல் பெரியப்பா: 20 கொண்டை ஊசி வளைவு. டிஸ்க் குலுங்கும்.

செல்வி அத்தை: அவ்வளவு அக்கறையா?

இளங்கோ சித்தப்பா: குலுங்கக் கூடாது என்பது உண்மைதான், அக்கா.

தேன்மொழி அக்கா: இலை?

செல்வி அத்தை: கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.