ஆல்ப்பைன் செடிகளைக் குளிர்காலத்தில் போர்த்தி வைக்கலாமா?

கேள்வி:
வணக்கம். என் பாறைத் தோட்டத்தில் செம்பர்விவம், லூயிசியா, ஆண்ட்ரோசேஸ் ஆகியவை இருக்கின்றன. உயர்ந்த மலைகளின் உறைபனியைத் தாங்கும் செடிகள்தாமே என்று சென்ற குளிர்காலத்தில் அவற்றை அப்படியே விட்டுவிட்டேன். செம்பர்விவம் மட்டுமே பிழைத்தது. லூயிசியா அடித்தண்டில் கறுத்துக் குழைந்துவிட்டது. மெத்தைபோல் படர்ந்திருந்த ஆண்ட்ரோசேஸ் நடுவில் பழுப்பேறி, கை வைத்ததும் பிய்ந்து வந்தது. இம்முறை பிளாஸ்டிக் தாளால் போர்த்திவிடலாமா?

மறுமொழி 1:
தயவுசெய்து போர்த்தாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், செடிகளைக் கொன்றது குளிரன்று, ஈரம். மலையில் இவை உலர்ந்த பனியின் அடியில் உறங்குகின்றன. மேலே காற்று எவ்வளவு குளிர்ந்தாலும், ஆழமான பனியின் கீழே தரையின் வெப்பநிலை பெரும்பாலும் 0 டிகிரியை ஒட்டியே இருக்கும். தாழ்நிலத் தோட்டத்திலோ மழையும் மூடுபனியும் உறைந்து உருகும் நீரும் மாறிமாறி வருவதால், நுண்மயிர் அடர்ந்த இலைகள் பல நாள் நனைந்தபடியே கிடந்து அழுகிவிடுகின்றன. பிளாஸ்டிக் தாள் அந்த ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கும். ஆண்ட்ரோசேஸுக்கு மேல் ஒரு கண்ணாடிப் பலகையைச் சற்றுச் சாய்வாக நிறுத்தி, நாற்புறமும் காற்றோட்டத்துக்குத் திறந்து விடுங்கள். செம்பர்விவத்துக்கு அதுவும் தேவையில்லை.

மறுமொழி 2:
மேலே கூரை போட்டு, கீழே நீர் தேங்க விட்டால் பயனில்லை. தோட்ட மண் ஒரு பங்கு, இலைமட்கு ஒரு பங்கு, பொடிக்கல் இரண்டு பங்கு என்று கலந்து நடுங்கள். செடியின் கழுத்தைச் சுற்றி 2 அல்லது 3 செ.மீ. அளவுக்குச் சரளைக்கல் பரப்புங்கள். லூயிசியாவைச் சமதரையில் வைத்து இருமுறை இழந்த பிறகே, கற்சுவரின் இடுக்கில் பக்கவாட்டாக நடவேண்டும் என்று எனக்குப் புரிந்தது. அப்படி நட்டால் இலைக்கொத்தின் நடுவில் தண்ணீர் நிற்பதில்லை. உதிர்ந்து விழும் மர இலைகளையும் அவ்வப்போது பொறுக்கிவிடுங்கள், ஓர் ஈர இலை ஒரு வாரம் படிந்திருந்தாலே மெத்தையில் பழுப்புத் திட்டு விழுந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டு செடிகள் தொட்டியில் இருக்கின்றன. தரையில் அண்மையில் நட்ட சில நாற்றுகளோ உறைபனிக்குப் பின் மேலெழும்பி, வேர் வெளியே தெரிய நிற்கின்றன. இவற்றுக்கு என்ன செய்யலாம்?

மறுமொழி 1:
தொட்டியின் வேர்கள் எல்லாப் பக்கமும் குளிரை வாங்குவதால், தொட்டியை விளிம்புவரை மணலில் புதைத்து வையுங்கள். நாற்றுகள் எழும்புவதற்குக் காரணம், மண்ணிலுள்ள நீர் பனிக்கட்டியாக உறையும்போது இன்னும் வேர் பிடிக்காத செடியை மேலே தள்ளிவிடுவதுதான். மண் இளகிய பிறகு விரலால் மெல்ல அழுத்தி, வேரை மூடிவிடுங்கள். உறைந்திருக்கும்போது அழுத்தினால் வேர் முறியும்.