விஸ்கி பீப்பாய் வாங்கிப் போடலாமா? ஹாரோ மச்சானுக்கு வந்த போன்

வடபழனி கண்ணன்:
லண்டன் பக்கம் ஹாரோவில் இருக்கும் என் மச்சானுக்கு ஒரு கம்பெனியிலிருந்து போன் மேல் போன். ஸ்காட்லாந்தில் ஸ்பேசைடு பக்கம் 2024ல் நிரப்பிய ஹாக்ஸ்ஹெட் என்கிற 250 லிட்டர் பீப்பாய் ஒன்று, விலை 6,500 பவுண்டு, வருஷத்துக்கு 12 சதவீதம் ஏறும், பத்து வருஷம் கழித்து அவர்களே விற்றும் தருவார்களாம். பணம் கட்டியதும் உரிமைச் சான்றிதழ் ஒன்று அழகாக அச்சடித்து வருகிறது. என்னையும் பாதிப் பணம் போடச் சொல்கிறான். இதில் இறங்கலாமா? அப்புறம், பத்து வருஷம் கழித்து அந்தப் பீப்பாயை அப்படியே சென்னைக்குக் கொண்டுவர முடியுமா?

ராஜன் டூட்டிங்:
தாராளமாக இறங்கலாம் கண்ணன். நான் இரண்டு பீப்பாய் வைத்திருந்தேன், ஒன்றை விற்றுவிட்டேன், போட்டதைவிட நன்றாகவே வந்தது. தங்கம் பெட்டியில் கிடந்தால் அதே தங்கம்தான், விஸ்கி மரத்துக்குள் கிடக்கக் கிடக்க வேறு சரக்காக மாறுகிறது. ஒரே டிஸ்டில்லரியின், அதாவது விஸ்கி வடிக்கும் ஆலையின், 10 வயது பாட்டிலையும் 18 வயது பாட்டிலையும் பக்கத்தில் வைத்து விலையைப் பாருங்கள். 2022ல் ஆர்ட்பெக் டிஸ்டில்லரியின் 1975ஆம் வருஷப் பீப்பாய் ஒன்று 1.6 கோடி பவுண்டுக்குப் போனது, வாங்கியவர் ஆசியாக்காரர். இந்தியா பிரிட்டன் ஒப்பந்தமும் 2025 ஜூலையில் கையெழுத்தாகிவிட்டது, 150 சதவீத இறக்குமதி வரி 75 ஆகி, பத்து வருஷத்தில் 40க்கு இறங்கும். உலகத்திலேயே அதிகம் விஸ்கி குடிக்கும் நாட்டுக்குக் கதவு திறக்கிறது. இப்போது வாங்காமல் எப்போது வாங்குவது?

சேது எல்ஜின்:
நான் ஸ்காட்லாந்தில், வரி கட்டும்வரை சரக்கை வைத்திருக்கும் பாண்ட் கிடங்குகளின் கணக்கு பார்க்கிற வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சென்னைக் கேள்வி. முடியாது. ஸ்காட்ச் என்ற பெயர் வேண்டுமென்றால் 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருஷம் ஸ்காட்லாந்திலேயே கிடக்க வேண்டும், அதுவும் வரித்துறை அனுமதித்த கிடங்கில். முளைகட்டிய பார்லியில் ஒரே டிஸ்டில்லரி வடிக்கும் சிங்கிள் மால்ட்டை 2012 கடைசியிலிருந்து ஸ்காட்லாந்துக்கு உள்ளேதான் பாட்டிலில் அடைக்க முடியும். வீட்டுக்குக் கொண்டுபோகவே முடியாத ஒரு பொருளைத்தான் வாங்குகிறீர்கள், ஆகவே கிடங்கின் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் எல்லாமே. விற்பவர் அடித்துக் கொடுக்கும் சான்றிதழுக்கும் அந்தப் பதிவேட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பீப்பாய் கைமாற வேண்டுமென்றால் பழைய உரிமையாளர் டெலிவரி ஆர்டர் என்ற உத்தரவில் கையெழுத்துப் போட்டுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும், கிடங்கு அதை ஏற்றுக்கொண்டு உங்களுக்குப் பதில் எழுத வேண்டும். அந்தப் பதில் வராதவரை உங்கள் கையில் இருப்பது வெறும் காகிதம். ஒரே பீப்பாயைப் பல பேருக்கு விற்ற கதைகளை 2025ல் பிபிசி வெளிக்கொண்டுவந்தது, லண்டன் சிட்டி போலீஸ் விசாரணை வரை போயிருக்கிறது. பங்குச் சந்தையில் முறையிடுவது போல இதில் முறையிட இடமில்லை, நிதி ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் பீப்பாய் வியாபாரம் வரவே வராது.

ராஜன், அந்த ஆர்ட்பெக்கை டிஸ்டில்லரியே நேரடியாக விற்றது, பெயரோடு, வருஷத்துக்கு 88 பாட்டில் வீதம் ஐந்து வருஷம் தானே அடைத்துத் தருவதாகச் சொல்லி. ஹாரோ மச்சானுக்கு எந்த டிஸ்டில்லரியின் பெயரைத் தரப்போகிறார்கள்?

ராஜன் டூட்டிங்:
திருடர்கள் இல்லாத தொழில் எது சார்? போலி மனைப் பத்திரம் இருக்கிறது என்பதற்காக நம் ஊரில் யாரும் நிலம் வாங்காமல் இருக்கிறார்களா? பத்திரத்தைச் சரிபார்த்து வாங்கு என்றால் ஒப்புக்கொள்கிறேன், வாங்கவே வாங்காதே என்பது அதிகம். லண்டனில் வீடு வாங்கக் கையில் பணம் இல்லாதவன், பங்குச் சந்தை புரியாதவன், கண்ணால் பார்த்துத் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளில் பணம் போட நினைப்பதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

மாலதி கிளாஸ்கோ:
நாங்கள் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு புது டிஸ்டில்லரியிடமிருந்து நேரடியாக ஒரு பீப்பாய் எடுத்தோம். பத்து வருஷக் கிடங்கு வாடகையும் காப்பீடும் விலையிலேயே சேர்ந்தது. லாபத்துக்காக இல்லை, குடிப்பதற்காக. போன கோடையில் போய்ப் பார்த்தோம். மண் தரை, கல் சுவர், மூன்றடுக்காகப் பீப்பாய்கள். கிடங்குக்காரர் பீப்பாய் வாயில் இருந்த அடைப்புக்கு இரண்டு பக்கமும் பலகையில் மரச்சுத்தியால் ஓங்கி ஓங்கித் தட்ட, அடைப்பு தானாகவே மேலே எழும்பி வந்தது. குழாயை உள்ளே விட்டு மாதிரி எடுத்தார், அளவுகோலை இறக்கி எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார். வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிவிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், எங்களுடையதில் அதைவிடக் கொஞ்சம் கூடவே போயிருந்தது. பலகை இடுக்கில் கசிவு இருந்திருக்கலாம் என்றார். தீக்கும் திருட்டுக்கும் காப்பீடு உண்டு, கசிவுக்குக் கிடையாது. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள் கண்ணன்.

சேது எல்ஜின்:
மாலதி சொன்ன அந்த அளவெடுப்புக்குப் பெயர் ரீகேஜ். இதை எடுக்காமல் யாரும் வாங்கக் கூடாது. பல புரோக்கர்கள் நிரப்பிய அன்று இருந்த ஆல்கஹால் லிட்டரைத்தான் காட்டுவார்கள், இன்று இருப்பதை இல்லை. செறிவு 40 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அதை ஸ்காட்ச் என்று விற்கவே முடியாது, பழைய பீப்பாய்களில் இது நடக்கிற விஷயம்.

சரி, திருட்டை விடுங்கள், எல்லாம் நேர்மை என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஹாக்ஸ்ஹெட் 250 லிட்டர், வழக்கமாக 63.5 சதவீதத்தில் நிரப்புவார்கள், அதாவது சுத்த ஆல்கஹால் ஏறத்தாழ 159 லிட்டர். பத்து வருஷத்தில் 2 சதவீதம் வீதம் போனால் மிச்சம் 130. அதை 46 சதவீதத்தில் அடைத்தால் 700 மில்லி பாட்டில் 400 சொச்சம். 6,500 பவுண்டு வருஷத்துக்கு 12 சதவீதம் ஏறினால் பத்தாவது வருஷம் 20,000ஐத் தாண்டுகிறது, அதாவது உள்ளே இருக்கும் சரக்குக்கு மட்டும் பாட்டிலுக்கு 50 பவுண்டு. இதோடு கலால் வரி, 2025 பிப்ரவரியில் உயர்த்திய விகிதப்படி சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 32.79 பவுண்டு, பாட்டிலுக்குப் பத்தரைக்கு மேல். கண்ணாடி, லேபிள், அடைக்கும் கூலி, கடைக்காரர் லாபம், எல்லாவற்றுக்கும் மேலே 20 சதவீத வாட். கடையில் 100 பவுண்டைத் தாண்டும். பெயர் பெற்ற டிஸ்டில்லரியின் 10 வயது பாட்டில் 40, 50 பவுண்டுக்குக் கிடைக்கும்போது உங்களுடையதை யார் வாங்குவார்? அதிலும் பெயர் போடவே முடியாமல் போகலாம். பல டிஸ்டில்லரிகள் ஒப்பந்தத்திலேயே தடுத்துவிடும், சில தங்கள் பெயரைப் போட முடியாதபடி இன்னொரு டிஸ்டில்லரியின் விஸ்கியைக் கொஞ்சம் கலந்தே வெளியே விடும். கிளென்ஃபிட்டிக் டிஸ்டில்லரியின் சரக்கு வார்ட்ஹெட் என்ற பெயரிலும் பால்வெனியுடையது பர்ன்சைடு என்ற பெயரிலும் வருவது அப்படித்தான்.

ராஜன் டூட்டிங்:
கணக்கு சரிதான், ஆனால் 6,500க்கு வாங்கினால் மட்டும் சரி. அதில் பாதிக்கும் கீழே வாங்கியவனுக்கு இந்தக் கணக்கே வேறு. நீங்கள் காட்டுவது விலை அதிகம் என்பதை, பீப்பாயில் பணமே இல்லை என்பதை இல்லை. 1983ல் போர்ட் எலன், புரோரா டிஸ்டில்லரிகளை மூடியபோது அங்கே நிரப்பிய சரக்கைக் கையில் வைத்திருந்தவர்கள் இன்று என்ன விலை பார்க்கிறார்கள்?

சேது எல்ஜின்:
அவை ஏன் மூடப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விற்க முடியாத அளவுக்கு விஸ்கி தேங்கிப்போனதால்தான். இன்றைக்கு ஸ்காட்லாந்தில் சுமார் 2.2 கோடி பீப்பாய் கிடக்கிறது, பெரிய கம்பெனிகளே உற்பத்தியைக் குறைக்கின்றன. நீங்கள் சொல்லும் இந்திய வரிக் குறைப்பில் முதலில் லாபம் பார்ப்பது சொந்தப் பெயரும் விநியோகமும் உள்ளவர்கள், பெயரில்லாத ஒற்றைப் பீப்பாய்க்காரர் இல்லை. இது புதுக் கதையும் இல்லை. 1890களில் எடின்பரோ பக்கம் லீத்தில் விஸ்கி வியாபாரிகளான பாட்டிசன் சகோதரர்கள் கிளிகளுக்குத் தங்கள் விஸ்கி பெயரைச் சொல்லப் பழக்கி மதுக்கடைகளுக்கு அனுப்பும் அளவுக்கு விளம்பரம் செய்தார்கள், இருப்பின் மதிப்பைக் கூட்டிக் காட்டிக் கடன் மேல் கடன் வாங்கினார்கள். 1898ல் கம்பெனி சாய்ந்தது, அண்ணன் தம்பி இரண்டு பேரும் 1901ல் ஜெயிலுக்குப் போனார்கள். அவர்களோடு சேர்ந்து ஒன்றுமறியாத சின்ன டிஸ்டில்லரிகளும் விழுந்தன. விலை ஏறும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்கிற காலத்தில்தான் எனக்குப் பயம் வருகிறது.

வடபழனி கண்ணன்:
எல்லாருக்கும் நன்றி. மச்சானை விட்டு மூன்று கேள்வி கேட்கச் சொன்னேன்: பீப்பாய் எண் என்ன, எந்தக் கிடங்கு, ரீகேஜ் எப்போது எடுத்தது. எண்ணும் கிடங்குப் பெயரும் பணம் கட்டிய பிறகுதான் தருவார்களாம். ரீகேஜ் தேவையே இல்லை, சரக்கு புதுசு என்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கட்டினால் 5,200க்குத் தருகிறார்களாம். பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மச்சானுக்குக் கோபம்தான், இந்தத் திரியை அனுப்பியிருக்கிறேன், படிக்கட்டும்.

ராஜன் டூட்டிங்:
அவர்களிடம் வாங்க வேண்டாம், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கிடங்கின் பெயரையே சொல்லாதவனிடம் நானும் வாங்க மாட்டேன். ஆனால் சேது சார், மொத்தத் தொழிலையும் தள்ளிவிடுவதை இன்னும் ஏற்க முடியவில்லை. என் இரண்டாவது பீப்பாய்க்கு ரீகேஜ் கேட்டுக் கிடங்குக்கு எழுதியிருக்கிறேன், அறிக்கை வந்ததும் ஏலத்தில் போடுகிறேன். வாங்கிய விலை, கமிஷன், கைக்கு வந்த தொகை எல்லாவற்றையும் இங்கேயே போடுகிறேன், நீங்களே கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.

சேது எல்ஜின்:
போடுங்கள். கிடங்கு வாடகையையும் மறக்காமல் சேருங்கள்.